ஆறு மணிக்கு வருகிறவர்கள்

சங்கரபாண்டியனின் பதினாறாம் நாள் படையலின்போது டிவியை அணைக்க மறந்துவிட்டார்கள். வேலவர் காலனியில் அதற்குப் பிறகு நடந்த அத்தனைக்கும் தொடக்கம் அதுதான். மாயம், மந்திரம், செய்வினை என்று வேறு யாராவது காரணம் சொன்னால் நம்பவேண்டாம்.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் படையல் போடுகிற முறை இப்படி: செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் பரிமாறி, படத்துக்கு முன்னால் புது வேட்டியும் துண்டும் மடித்து வைத்து, சாம்பிராணி போட்டு, "வந்து சாப்பிடுங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவர் வந்து யாரும் பார்க்காமல் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போவார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். காலையிலேயே நடந்திருக்க வேண்டிய காரியம், செங்கோட்டையிலிருந்து வரவேண்டிய மாமன்முறைக்காரருக்கு பஸ் கிடைக்காமல் சாயங்காலம் வரைக்கும் இழுத்துவிட்டது. வந்த சொந்தக்காரர்களின் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தன. சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு எல்லாரும் படியில் வந்து நின்றார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு அந்தச் சேனலில் கார்ட்டூன் முடிந்து 'அமாவாசை விடுதி' என்கிற பேய்த்தொடர் ஆரம்பிக்கும்.

கதவைத் திறந்தபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலி டிவியைப் பார்க்கத் திரும்பியிருந்தது. இலையில் நெத்திலி வறுவல் மட்டும் காலி. கோழித்தொடை பாதி கடித்தபடி குழம்பில் கிடந்தது.

"அண்ணன் வயிறார சாப்பிடலியே," என்று அவருடைய தங்கச்சி அழுதாள்.

"டிவி ஓடினா அவுக என்னைக்கு ஒழுங்கா சாப்பிட்டாக," என்று சொல்லிவிட்டு, சங்கரபாண்டியனின் மனைவி பாக்கியம் இலையை எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு அவர் மறுபடியும் வந்தார். கதை பாதியில் நின்றிருந்ததே, தெரிந்துகொள்ளவேண்டாமா.

வந்தவரை முதலில் பார்த்தது சின்ன மகள் இசக்கிப்ரியா, பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கடைக்கண்ணில் நாற்காலியில் வெள்ளை வேட்டியைப் பார்த்தாள், திரும்பினாள், ஒன்றுமில்லை. டிவியைப் பார்த்தாள், இருந்தார். பிறகு பாக்கியமும் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது இதுதான்: அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இருப்பார், கண்ணை எடுத்தால் இருக்கமாட்டார், விளம்பரம் வந்தால் எழுந்து போவார், விளம்பரம் முடிகிற நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வருவார். தொடரைப் பற்றி மட்டும்தான் பேசுவார். தையல் மிஷின் பெல்ட்டை எங்கே வைத்தீர்கள் என்று பாக்கியம் மூன்று வாரம் கேட்டாள். "சும்மா இருட்டி, கதையக் கேளு" என்பதுதான் பதில். அரசுப் பேருந்தில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர் கூட்டத்தில் பேசுகிற அதே தொண்டையில், "இவன் என்ன, செத்தவன சுவத்துக்குள்ள புகுந்து வரவிடுதான்? வாசல்ல நின்னு கதவு தொறந்தாத்தானே வரமுடியும், இதுகூடத் தெரியாமலா படம் எடுக்காங்க," என்று குறை சொல்லுவார்.

செய்தி பரவுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. யாரும் அலறவில்லை, யாரும் பேயோட்டுகிற கோடாங்கியைக் கூப்பிடவில்லை. ஏ பிளாக்கில் ஒருவர் தன் அப்பாவுக்கு, அவர் செத்துப் பதினாலு வருஷம் கழித்து, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் படையல் போட்டு, டிவியைப் போட்டு, கதவைச் சாத்தினார். பி பிளாக்கில் ஒருத்தி மாமனாருக்குப் போட்டாள், மாமியாருக்குப் போடவில்லை. படையல் வழக்கமே இல்லாத ஞானதாஸ் சார் வீட்டில், அவருடைய செத்துப்போன மனைவி எஸ்தர் டீச்சர் பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்டுத் தானாகவே வந்து உட்கார்ந்தார். இப்படியாக இரண்டு மாதத்தில் முப்பத்தி நாலு வீட்டில் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். காலனி அதற்கென்று ஒரு மரியாதையை உண்டாக்கிக்கொண்டது: ஞாயிறு ஆறு மணிக்கு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை, பெண் பார்க்க வருகிறவர்களை நாலு மணிக்கே வரச்சொல்லிவிடுவது, பூக்காரி ஐந்தரைக்கே வந்துவிட்டுப் போவது, மின்தடை வைத்தால் ஞாயிறு வேண்டாம் என்று மின்வாரியத்துக்கு ஒரு கடிதம், கேபிள் மைதீன் அண்ணன் அந்த ஒருமணி நேரம் மொட்டைமாடியில் வயரைப் பிடித்தபடி நின்றுகொள்வது. செய்தி போட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. கிரிக்கெட் போட்டுப் பார்த்தார்கள், ஒரே ஒருவர் வந்து இரண்டு ஓவரில் போய்விட்டார். 'அமாவாசை விடுதி'க்குத்தான் வந்தார்கள். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான் உண்டு: அவர்களைப் பற்றி எடுத்த கதை அது ஒன்றுதான்.

காலனியில் ஒரே ஒருத்தி மட்டும் அதைப் பார்ப்பதில்லை. சங்கரபாண்டியனின் மூத்த மகள் ஆவுடைச்செல்வி.

அவளுக்கு இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பாள். ஆட்டோக்காரர் முதல் துறைத்தலைவர் வரைக்கும் அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. அப்பா மட்டும்தான் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பார். சாப்பாட்டுத் தட்டு காய்ந்துபோகும், இரண்டு பேரும் நிறுத்தமாட்டார்கள். தொடர் ஆரம்பித்து இரண்டு எபிசோடு ஓடியதும், அது பத்திலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பதினோரு ஆட்சேபணைகளை எண் போட்டு எழுதி, காலனி நலச்சங்கத்தில் மனுவாகக் கொடுத்தாள். மறுநாள் புதன்கிழமை அப்பாவோடு சண்டை.

"பேய்க்கதைக்கு மனு எழுதுதா பாரு. நாங்கள்லாம் பேய்க்கதை கேட்டு வளரலியா?"

"அதனாலதான் இப்படி இருக்கீங்க. பேயா வாரது பூராவும் பொம்பளை, விரட்டுறது பூராவும் ஆம்பளை, வேப்பங்குழையால அடிவாங்குறது பதிமூணு வயசுப் பிள்ளை. இதப் பாத்துட்டு ப்ரியா என்ன நெனைப்பா?"

"அவ உன்னைய மாதிரி நெனைக்கமாட்டா. நிம்மதியாப் பாப்பா."

"இந்தச் சனியன் ஓடுற வரைக்கும் நான் ஹாலுக்கே வரமாட்டேன்."

"வராத. காத்தாவது வரும்."

சனிக்கிழமை ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில், கையில் டிக்கெட் மிஷினோடு, அவர் சரிந்து விழுந்தார்.

அதனால், ஞாயிறு ஆறு மணிக்கு ஹாலில் அப்பாவின் குரல் கேட்கிறபோதெல்லாம் (ஹாலில் தொடர் பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும், அவளுக்குக் கேட்காது, ப்ரியா சிரிப்பதுதான் கேட்கும்) ஆவுடைச்செல்வி உள்ளறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியை முப்பது தடவை வாசிப்பாள். போனால் தோற்றது மாதிரி. செத்தவரிடம் தோற்பதில் என்ன குறை என்று அம்மா கேட்டாள். செத்துப்போனதற்காக ஒருவரின் வாதம் சரியாகிவிடாது என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள்.

எட்டாவது வாரம், ஏ பிளாக் செண்பகவல்லி நலச்சங்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சார், எம்மவனுக்குப் பத்து வயசு. கக்கூசுக்குத் துணை கேக்கான். எங்க வீட்ல யாரும் சாகல, யாரும் வரல, எங்களுக்கு அதால ஒரு லாபமும் கிடையாது. நிப்பாட்டுங்க."

சங்கச் செயலாளர் ஞானதாஸ் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுத்தில் வந்த எந்த மனுவுக்கும் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும், இல்லையென்றால் செயலாளர் பதவி விலகவேண்டும் என்று விதி எழுதியவரும் அவர்தான். ஃபைலைத் திறந்தால் ஆவுடைச்செல்வியின் மனு மூன்று மாதத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. சனிக்கிழமை காலையில் கூட்டம் போட்டார். நூற்றைம்பது பேர் வந்தார்கள்.

"நிப்பாட்டினா எங்க மாமா எங்க போவாக? நடுரோட்டுலயா நிப்பாக?" என்றாள் பி பிளாக்காரி.

"உங்க மாமா இருந்தப்போ நீங்க அவரைப் பால்கனியிலதானே படுக்கப் போட்டீங்க," என்றது பின்வரிசை.

"இப்ப நாற்காலி போட்டிருக்கோம்லா!"

"பிள்ளைங்களா, பெரியவங்களா, அதச் சொல்லுங்க," என்றார் மைதீன் அண்ணன். "சங்கம் சொன்னா இந்தக் காலனி லைன்ல அந்தச் சேனலை நான் எடுத்துருதேன். ஆனா தீர்ப்பு எழுத்துல வேணும். நாளைக்கு மேல இருக்கவங்க எங்கிட்ட வந்து கேட்டா நான் காட்டணும்." மேல இருக்கவங்க என்று அவர் சொன்னது யாரை என்று யாரும் கேட்கவில்லை.

ஞானதாஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனு குடுத்தது ஆவுடைச்செல்வி. படிச்ச பிள்ளை. பாரபட்சம் கிடையாது, அது வீட்டுக்கும் ஆள் வாராங்க. நாளைக்கு எபிசோடைப் பாத்துட்டு திங்கட்கிழமை அது தீர்ப்பு எழுதிக் குடுக்கட்டும். அது சொல்றதுதான் முடிவு. சரிதானா?"

சரி என்று கையைத் தூக்கினார்கள். நூற்றைம்பது பேர் தூக்கிய கையை எப்படி மறுப்பது? ஆவுடைச்செல்வி எழுந்து வெளியே நடந்தாள். வேண்டாம் என்று எழுதினால் முப்பத்தி நாலு நாற்காலி காலியாகும், அதில் ஒன்று நீல நாற்காலி. சரி என்று எழுதினால் அவள் பொய் எழுதியதாகும். அந்தப் பதினோரு ஆட்சேபணையில் ஒன்றைக்கூட அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பெற்ற அப்பா வருகிறார் என்பதற்காக ஒரு மோசமான கதை நல்ல கதையாகிவிடுமா?

வீட்டுக்கு வந்தால் ப்ரியா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நிப்பாட்டப்போறியாக்கா?"

"பாத்துட்டுத்தான் சொல்லுவேன். பாக்காமத் தீர்ப்பு சொல்றது அயோக்கியத்தனம்."

"எட்டு வாரம் பாக்காமத்தானே சொல்லிக்கிட்டிருந்த."

"ரெண்டு எபிசோடு பாத்தேன்டி."

"ரெண்டு பாத்துட்டு பதினொண்ணு எழுதின." ப்ரியா தோலை ஊதித் தள்ளினாள். "பன்னெண்டு வயசுக்கு இதெல்லாம் பாக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கேல்லா. அஞ்சாம் நம்பர். சாவை மனசு தாங்குற வயசு இல்லன்னு."

"ஆமா. ஆராய்ச்சி இருக்கு."

"அப்பாவ ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து எறக்கினப்போ நான்தான் கீழ நின்னேன். நீ யுனிவர்சிட்டில இருந்த. அம்மா விழுந்து கிடந்தா. மூக்குல பஞ்சு வச்சிருந்தாங்க, ஒரு பக்கம் கீழ விழுந்துட்டு, நான்தான் எடுத்து வச்சேன். அதுக்கு எனக்கு வயசு பத்தலன்னு யாரும் கூட்டம் போடலியேக்கா."

ஆவுடைச்செல்வி ஒரு கத்தியை எடுத்து எதிரே உட்கார்ந்தாள்.

ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு நோட்டும் பேனாவுமாக ஹாலுக்கு வந்தாள். நீல நாற்காலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் ப்ரியா, பின்னால் கட்டிலில் அம்மா. தொடரின் பாட்டு வந்தது, விடுதியின் இரும்புக்கதவு வந்தது, பாழுங்கிணறு வந்தது. இடது கடைக்கண்ணில் ஒன்றுமில்லை. அவள் நோட்டில் 'கிணறு, மறுபடியும்' என்று எழுத ஆரம்பித்தாள்.

"நோட்டை மூடிட்டுப் பாரு," என்றது குரல். "பரீட்சையா எழுதுத?"

சந்தனப் பவுடர் வாசம் வந்தது. வெள்ளை வேட்டி வந்தது, முழங்கால் வந்தது, முழங்காலில் தாளம் போடுகிற விரல் வந்தது. திரும்பினால் போய்விடுவார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்துவதற்கு அவள் இதுவரை எந்த வாதத்துக்கும் செலவழிக்காத பலத்தைச் செலவழித்தாள். "அப்பா," என்றாள், டிவியைப் பார்த்து.

"உஷ். அந்தப் பிள்ளை மாடிக்குப் போகுது."

விளம்பரம் வந்தது, போனார். விளம்பரம் முடிந்தது, வந்தார். அன்றைய எபிசோடு இதுதான்: விடுதியின் பழைய காப்பாளர் தாயம்மா, செத்த பிறகும் பிள்ளைகளுக்குப் போர்வை போர்த்திவிட்டுப் போகிறவள், அவளை ஒரு மந்திரவாதி பிடித்துவிடுகிறான். புளியமரத்தடியில் நிறுத்தி, உச்சந்தலையில் ஆணி வைக்கிறான். சுத்தியலை ஓங்குகிறான். பன்னிரண்டாவது ஆட்சேபணை ஆவுடைச்செல்வியின் மனசுக்குள் முழு வாக்கியமாக எழுந்து நின்றது, அப்போதுதான் நாற்காலி ஆடுவது தெரிந்தது.

அப்பா ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்து, துண்டால் முகத்தை மூடி, உள்ளேயிருந்து, "அடிச்சிருவானோ? ஏட்டி, அடிச்சிருவானோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கத்தி காட்டியவனைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்ட மனுஷன்.

ப்ரியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினாள். அப்பாவின் கை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஒண்ணும் இல்லப்பா," என்றாள். "அந்த ஆணி தெர்மாகோல். பாருங்க, பெயிண்ட் உரிஞ்சிருக்கு. அது மேக்கப் போட்ட அத்தை, சாயங்காலம் வீட்டுக்குப் போய் தோசை சுடும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்ப்பா. உங்களுக்கெல்லாம் அப்படிச் செய்யமாட்டாங்க."

சுவரெல்லாம் மெல்லிசான வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு அது. தொடரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்றைக்கு ஆவுடைச்செல்விக்கும் கேட்டது: பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை, "கண்ணைத் தொறங்க தாத்தா, முடிஞ்சிட்டு," என்று சொல்வது, மேல்வீட்டில் ஒன்று, "நான் இருக்கேம்லா சித்தி," என்பது, எதிர் பிளாக்கில், கீழ்வீட்டில், பத்து வயதும் பதிமூணு வயதும் பதினைந்து வயதுமான குரல்கள் மாறி மாறி, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா நடிப்பு, ஒண்ணும் இல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தன. வருகிறவர்களுக்கு அது கதையாக இல்லை. தங்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் வாராவாரம் வந்தார்கள், நடுங்கினார்கள், நடுங்கியும் வந்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சங்க அறையில் அவள் தீர்ப்பை வாசித்தாள். 

"மனுவில் உள்ள பதினோரு ஆட்சேபணைகளில் பத்து அப்படியே நிற்கின்றன. நேற்றைய எபிசோடைப் பார்த்த பிறகு மேலும் நாலு சேர்த்திருக்கிறேன். இது மட்டமான தொடர். பெண்களைக் கேவலமாகக் காட்டுகிறது, அதைச் சேனலுக்குத் தனியாக எழுதுகிறேன், எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். ஐந்தாவது ஆட்சேபணையை வாபஸ் வாங்குகிறேன். அது நான் தெரியாமல் எழுதியது." நிறுத்தி, தண்ணீர் குடித்தாள். "பன்னிரண்டு வயது முடிந்தவர்கள் பார்க்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள், பயம் வந்தால் எழுந்து போகலாம் என்று வீட்டில் சொல்லிவைத்த பிறகு பார்க்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கக்கூடாது. இறந்தவர்கள், பிள்ளைகளின் துணை இல்லாமல் பார்க்கக்கூடாது."

செண்பகவல்லி யோசித்தாள். "பயந்தா எம்மவன் எந்திரிச்சுப் போயிரலாம், அப்படித்தானே?"

"அப்படித்தான்க்கா. அவன் இஷ்டம்."

"எழுத்துல குடும்மா," என்றார் மைதீன் அண்ணன், வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் கலைந்தது. ஞானதாஸ் சார் மட்டும் நாற்காலியிலிருந்து எழவில்லை. ஃபைலின் கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார்.

"எங்க வீட்ல பிள்ளைங்க இல்லியேம்மா," என்றார். "ரெண்டு பேரும் மஸ்கட்ல இருக்காங்க. நேத்து எஸ்தர் எந்திரிச்சுப் போய் கதவு மூலையில நின்னுட்டா. எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல. நான் பைபிள்ல சங்கீதம் வாசிச்சேன். அது சத்தத்துல அவளுக்குக் கேக்கல."

ஆவுடைச்செல்வி வாயைத் திறப்பதற்குள் ப்ரியா சொல்லிவிட்டாள்.

"நான் வாரேன் சார். டீச்சருக்கு என்னைத் தெரியும், ரெண்டாங்கிளாஸ்ல என்னைய வெளிய நிக்க வச்சாங்க."

"உங்க அப்பா?"

"அக்கா இருக்கால்லா."

ஆவுடைச்செல்வி தங்கச்சியைப் பார்த்தாள். தொடர் இன்னும் அறுபது எபிசோடு ஓடும் என்று சேனலில் சொல்லியிருந்தார்கள். அறுபது ஞாயிறு, கிணறு, புளியமரம், தலைவிரிகோலம், ஒன்றுக்குக்கூட வாயைத் திறந்து சண்டை பிடிக்கமுடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. சரி என்று தலையை ஆட்டினாள்.

படியிறங்கும்போது ப்ரியா நின்று, மணிக்கட்டைத் திருப்பி, உள்பக்கத்தில் வரிசையாக இருந்த பிறைமாதிரித் தழும்புகளைக் காட்டினாள்.

"வலது கையைக் குடுக்காத, அப்புறம் நோட்டுல எழுத முடியாது. பயந்தாருன்னா நகத்தால அழுத்துவாரு. வலிக்கும். கத்திராத, என்ன? கத்தினா நிசம்னு நெனைச்சுக்குவாரு."